வடிகட்டி அனுப்பிய தண்ணீர்

அனுப்புநர்:
சொர்ணத்தாய், க/பெ பெருமாள்சாமி,
மேலத்தெரு, கீழக்கரட்டூர்,
கழுகுமலை வழி, கோவில்பட்டி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: ஆற்றுக் கால்வாயால் நிரம்பும் எங்கள் கண்மாயில் உரமும் கோழி எருவும் கொட்டப்படுவது – தண்ணீரில் உரச்சத்துக்கு வரம்பு விதிக்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கண்மாய்தான். கார்த்திகையில் மீன் குத்தகை எடுத்தவர் சூப்பர் பாஸ்பேட்டும் கோழி எருவும் மூடை மூடையாகக் கொட்டினார். கேட்டதற்கு, “தண்ணி பச்சையானாத்தான் மீன் கொழுக்கும், நீங்க பயப்படாதீய” என்றார். கூலிக்கு அந்த மூடைகளைச் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை.

2. மாசியில் தண்ணீர் கூழாகப் பச்சை பிடித்தது. பங்குனியில் அதைக் குடித்த என் பசுக்கள் இரண்டும் செத்தன.

3. குடிநீர் வாரியத்தில் முறையிட்டோம்; சோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டார்கள். அதிகாரிகள் கைக்குப் போவதை அழுக்காகக் கொடுப்பதா என்று கூச்சப்பட்டு, வீட்டுக்கு விருந்தாள் வந்தால் செய்வதுபோல, குடத்தில் தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்து, வேட்டியை நாலாக மடித்து வடிகட்டிக் கொடுத்துவிட்டேன். ‘தெளிவான நீர், குடிக்க உகந்தது’ என்று பதில் வந்தது. ஊரே என்னை ஏசியது. ஏசட்டும், தப்பு என்னுடையது.

4. மறுபடி பச்சையாகவே கொண்டுபோய்க் கொடுத்தோம். உரச்சத்து கூடுதல்தான், ஆனால் கண்மாய்க்கு அதில் வரம்பு எதுவும் இல்லாததால் குத்தகைதாரர்மீது நடவடிக்கை எடுக்க வழியில்லை என்றார்கள். வரம்பே இல்லையென்றால் ஒரு கண்மாய் கெட்டுவிட்டது என்று யார்தான் சொல்வது? இதை எழுதும்போது ஆத்திரம் வருகிறது, ஐயா. பொறுத்துக்கொள்ளவும்.

5. அடுத்த மாதம் மீன் குத்தகைக்கு மறு ஏலம். அதற்குள், குடிநீருக்குப் பயன்படும் கண்மாய்களுக்கும் அணைகளுக்கும் உரச்சத்து வரம்பு விதிக்கத் தாங்கள் அரசுக்கு எழுத வேண்டும். அதுவரை எருக் கொட்டுவதை நிறுத்தி, லாரியில் தண்ணீர் அனுப்ப வேண்டும்.

6. என் மருமகள் சுகுணாவுக்கு இது ஒன்பதாம் மாதம். கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது என்று நர்சம்மா சொல்லிவிட்டார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை என்று சீனித்தண்ணீர் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அதற்குச் சீனி கரைக்க எங்களிடம் இருப்பது இந்தத் தண்ணீர் மட்டுமே. பிள்ளை பிறப்பதற்குள் உத்தரவு போடுங்கள், ஐயா.

நாள்: 12.05.2003
இடம்: கீழக்கரட்டூர்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) பெ. சொர்ணத்தாய்