ஒன்பதாம் மிதவையின் நாற்பத்தேழு பொருட்கள்

அனுப்புநர்:
பாய்மரப் படகின் இணை உரிமையாளரும் பொருள் காப்பாளரும்
(ஓய்வுபெற்ற கிடங்குச் சரிபார்ப்பு அலுவலர்),
மிதவை எண் 9,
தனியார் படகுகள் நிற்கும் பகுதி.

பெறுநர்:
தலைமைப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
தனியார் படகுகள் பாதுகாப்புப் பிரிவு,
துறைமுக அலுவலகம், முதல் மாடி.

பொருள்: தங்கள் அலுவலகம் கேட்டதன்பேரில் நான் எழுதிக் கொடுத்த பட்டியலின்படி எங்கள் படகில் நடந்த திருட்டு – வரிசை எண் 31-இல் கண்ட பொருளை மீட்டுத் தரவும், இம்மாதம் 13-ஆம் தேதிக்குள் புறப்பட அனுமதி வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. வருகைப் பாதுகாப்புப் படிவம், பத்து பக்கம் (என் கையெழுத்தில்).
2. தங்கள் அலுவலக வாசல் அறிவிப்புப் பலகை, இடமிருந்து மூன்றாவது ஆணி.

மதிப்பிற்குரிய ஐயா,

பாதுகாப்புக்குப் பெயர்போன தங்கள் துறைமுகத்தில் ஒன்பது நாளாக நங்கூரமிட்டிருக்கும் நான், அந்தப் பாதுகாப்பை முழுமையாக அனுபவித்தவன் என்ற முறையில் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன்.

1. எங்கள் படகில் இருவர் மட்டுமே. என் மனைவி கேப்டன். இருபத்தாறு வருடம் பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த எஞ்சின் சத்தத்தில் இரண்டு காதும் மந்தமாகி, இடது காதில் கருவி பொருத்திக்கொள்பவர். நான் பொருள் காப்பாளன். கிடங்குப் பணியில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். ஒரு தணிக்கையிலும் என் பதிவேட்டில் ஒரு ஆணிகூடக் குறைந்ததில்லை. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தவற்றுக்கு இதுதான் காரணம் என்பதால் சொல்கிறேன்.

2. எங்கள் மகளுக்கு இம்மாதம் 20-ஆம் தேதி பிரசவம் என்று மருத்துவர் நாள் குறித்திருக்கிறார். அவள் இருக்கும் துறைமுகத்துக்கு இங்கிருந்து காற்று ஒத்துழைத்தால் ஆறு நாள் பயணம். நல்ல குடிநீர் பிடிக்கவும் பாயில் ஒரு கிழிசலைத் தைக்கவும் இரண்டே நாள் என்றுதான் இங்கே நுழைந்தோம்.

3. நுழைந்த சனிக்கிழமையே தங்கள் எழுத்தர் ஐயா மேற்படி படிவத்தைக் கொடுத்தார். படகில் உள்ள விலை மதிப்புள்ள பொருட்கள் யாவை, அவை எங்கே வைக்கப்பட்டுள்ளன, மாற்றுச் சாவி எங்கே, படகில் ஆள் இல்லாத நேரம் எது என்று கேள்விகள் இருந்தன. மற்றவர்கள் நான்கு வரி எழுதினார்கள். எட்டாம் மிதவையில் இருக்கும் பல் மருத்துவத் தம்பதியர் "சாமான்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். இப்படியும் பொறுப்பில்லாமல் இருப்பார்களா என்று நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

4. நான் நாற்பத்தேழு பொருட்களை வரிசை எண், நிறம், நிலை, இருக்கும் இடம் ஆகியவற்றோடு எழுதினேன். உதாரணத்துக்கு ஒன்று: "வரிசை எண் 12. தொலைநோக்கி, கறுப்பு. இடப்பக்கக் கட்டிலின் கீழ் இரண்டாவது இழுப்பறை. இழுப்பறை சிக்கும். சற்றுத் தூக்கி இழுக்கவும்." எழுத்தர் படித்துவிட்டு, "சார், இந்த மாதிரி ஒரு லிஸ்ட் இந்த ஆபீஸுக்கு வந்ததே இல்ல" என்றார். அன்று நான் இரண்டு அங்குலம் வளர்ந்துதான் படகுக்குத் திரும்பினேன்.

5. மறுநாள் அந்தப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. எல்லோருடைய பட்டியலும் தொங்கியது என்றாலும், பத்துப் பக்கம் என்பதால் என்னுடையதற்கு மட்டும் தனி ஆணி. ஏன் என்று கேட்டேன். "வெளிப்படைத்தன்மை சார். எதையும் மறைக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு" என்றார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை ஐயா. எழுத்து எல்லாம் நேராக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

6. புதன்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை "உங்கள் படகைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி" என்ற வகுப்பு. புறப்படும்வரை ஒவ்வொரு புதனும் எல்லாப் படகுக்காரர்களும் கட்டாயம் வர வேண்டும், வராவிட்டால் அபராதம் என்று அதே பலகையில் போட்டிருந்தது. போனோம். மிதவை ஒன்று முதல் பதினான்கு வரை ஒருவர் பாக்கியில்லாமல் உட்கார்ந்திருந்தோம். தங்கள் பயிற்சியாளர், "படகை விட்டு இறங்கும்போது பக்கத்துப் படகுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, அவங்க பாத்துப்பாங்க" என்று அறிவுறுத்தினார். பக்கத்துப் படகுக்காரர்கள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். அவர்களும் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

7. திரும்பி வந்தபோது படகு சுத்தமாக இருந்தது. எதுவும் உடையவில்லை, எதுவும் சிதறவில்லை. தீயணைப்பு வாளிக்கு அடியில் இருந்த மாற்றுச் சாவி (வரிசை எண் 46) பயன்படுத்தப்பட்டு அதே இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. சிக்கும் இழுப்பறையைச் சற்றுத் தூக்கித்தான் இழுத்திருக்கிறார்கள். மேசைமேல் என் பட்டியலின் நகல் ஒன்று கிடந்தது. எடுத்துச் செல்லப்பட்ட பதினெட்டு பொருட்களுக்கு எதிரே அட்சரம் பிசகாமல் பென்சிலில் சரிக்குறி போடப்பட்டிருந்தது. அந்த நகலில் "உண்மை நகல்" என்று தங்கள் அலுவலக முத்திரையும் இருக்கிறது. எடுத்துச் சென்றவர் வரிசையில் நின்று மனுப் போட்டு வாங்கியிருக்கிறார் போலும். அந்த நகலையே இணைத்துள்ளேன்.

8. வரிசை எண் 22-இல் "கைவிளக்கு, மூன்று" என்று எழுதியிருந்தேன். அதை அடித்து, "இரண்டுதான் இருக்கு" என்று பென்சிலில் திருத்தியிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. தேடிப் பார்த்தேன். மூன்றாவது விளக்கைப் பல் மருத்துவருக்கு இரவல் கொடுத்துவிட்டுப் பதியாமல் விட்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வருடத்தில் எந்தத் தணிக்கையாளரும் கண்டுபிடிக்காத குறையை ஒரு திருடர் கண்டுபிடித்துவிட்டார். திருத்தம் சரியே என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். எட்டாம் மிதவையில் ஒரு துரும்பும் போகவில்லை என்பதையும் பதிவுசெய்கிறேன். "சாமான்கள்" என்ற விவரத்தை வைத்துக்கொண்டு யாரால்தான் வேலை செய்ய முடியும்?

9. போனவற்றில் பதினேழு பொருட்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பதினெட்டாவது, வரிசை எண் 31: "காது மெஷின், ஒன்று. விலை உயர்ந்தது. அணியாதபோது வரைபட மேசையோரம் நீல டப்பாவில்." விலை உயர்ந்தது என்பதன் கீழ் கோடு போட்டவனும் நானே. வகுப்புக்குக் கிளம்பும்போது, "அங்க கேக்கறதுக்கு என்ன இருக்கப் போவுது" என்று என் மனைவி அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தார். அவர் சொன்னதில் தவறில்லை.

10. காவல் சாவடிக்குச் சென்றேன். பணியில் இருந்த காவலர் பொறுமையாகக் கேட்டார். "பூட்ட ஒடைச்சாங்களா? இல்ல. கதவ ஒடைச்சாங்களா? இல்ல. சாவி எங்க இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் இது எப்படி சார் திருட்டாகும்?" என்று கேட்டு, "விருந்தினர் வருகை" என்ற பதிவேட்டில் எழுதிக்கொண்டார். இதை என் மனைவியிடம் சைகையில் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "வெத்தல பாக்கு வச்சு கூப்பிட்டது நீங்க. அவரு சொல்றது சரிதான்" என்றார். கருவி இல்லாததால் அவர் மெதுவாகச் சொல்வதாக எண்ணிச் சொல்பவை பதினான்கு மிதவைக்கும் கேட்கின்றன. எங்கள் குடும்ப விவகாரமும் இப்போது வெளிப்படைத்தன்மை பெற்றுவிட்டது.

11. அடுத்து புறப்பாட்டுப் பிரிவு. வரும்போது நாற்பத்தேழு, போகும்போது இருபத்தொன்பது என்றால் மீதியை இங்கே விற்றுவிட்டீர்களா என்று கேட்டார்கள். இரண்டு நாள் நடையாய் நடந்தபின் அங்கிருந்த அம்மையார் மனமிரங்கி, பதினேழு பொருட்களுக்கு எதிரே "தேய்மானம்" என்று எழுதினார். நான்கு நாளில் தேய்ந்தே மறைந்துபோன தொலைநோக்கி என்னுடையதாகத்தான் இருக்கும். ஆனால் வரிசை எண் 31-க்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். "கேப்டனுக்கு மெஷின் இருந்தாதான் தகுதின்னு அவங்க லைசென்ஸ்லயே இருக்கு. ரேடியோவுல கூப்பிட்டா காது கேக்காத ஒருத்தர நான் எப்படி சார் கடலுக்கு அனுப்பறது?" என்றார். தங்கள் அலுவலகத்தில் நான் கேட்ட ஒரே நியாயமான பேச்சு இது. என் துரதிர்ஷ்டம், அதுவும் எனக்கு எதிராகவே இருந்தது.

12. அந்தக் கருவி என் மனைவியின் காதுக்கு அச்செடுத்துச் செய்தது. புதிதாகச் செய்ய ஒரு மாதம் ஆகும். அவரை மட்டும் வேறு கப்பலில் அனுப்பலாமா என்றேன். படகில் வந்தவர் அந்தப் படகிலேயே போக வேண்டும் என்று விதியாம். நேற்று மகள் தொலைபேசியில் அழைத்தாள். என் மனைவி தொலைபேசியைக் காதில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா எப்பப்பா வருவாங்க?" என்று மகள் கேட்டாள். 13-ஆம் தேதிக்குள் கிளம்பினால் வந்துவிடுவோம் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

13. பட்டியல் எழுதியதற்காக என் மனைவியிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மூன்று முறையும் அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லையா, கேட்க விருப்பமில்லையா என்று தெரியவில்லை. ஒரு தாளில் எழுதி நீட்டினேன். "இன்னொரு லிஸ்ட்டா?" என்று படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து,

அ) எல்லாப் பட்டியல்களையும் பலகையிலிருந்து இறக்கவும்;

ஆ) திருட்டைத் தடுக்கும் வகுப்பைப் பாதிப் படகுகளுக்கு ஒரு நாளும் மீதிக்கு வேறு நாளும் நடத்தவும், அல்லது திருடர்களையும் அதில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தவும்;

இ) வரிசை எண் 31-ஐ மீட்டுத் தந்து, எவ்வாறேனும் எங்களை 13-ஆம் தேதிக்குள் அனுப்பிவைக்கவும்

வேண்டுகிறேன்.

மனுக்கள் மீது முப்பது நாட்களுக்குள் பதில் தரப்படும் என்றும், அதில் முதல் ஏழு நாட்கள் அறிவிப்புப் பலகையில் வைக்கப்படும் என்றும் எழுத்தர் ஐயா தெரிவித்தார். முப்பது நாளில் என் பேரக் குழந்தைக்குப் பெயர்கூட வைத்துவிடுவார்கள். எனவே இம்மனுவின் கடைசிப் பகுதி தங்களுக்கானது அல்ல. தாங்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தப் பலகையைத் தவறாமல் படிக்கும் ஐயா அவர்களுக்கு:

இந்தத் துறைமுகத்தில் நான் எழுதியதை முழுவதும் படித்தவர் தாங்கள் ஒருவரே. தவறைத் திருத்தியும் கொடுத்தீர்கள். வரிசை எண் 31 வேறு எவர் காதிலும் பொருந்தாது. அதை விலை உயர்ந்தது என்று எழுதியது என் பிழை. மற்ற பதினேழையும் தாங்களே வைத்துக்கொள்ளலாம். வரும் புதன்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை நாங்கள் மறுபடி வகுப்பில் இருப்போம். சாவி வாளிக்கு அடியில் இருக்கும். நீல டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அவர் என் மனைவி என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. பிறக்கப்போகும் குழந்தையின் முதல் அழுகையை அவர் கேட்க வேண்டும். அதற்கு முன் நான் சொல்லும் மன்னிப்பைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள நான் தயார்.

இடம்: மிதவை எண் 9
நாள்: மார்ச் 9, திங்கட்கிழமை

இங்ஙனம்,
தங்கள் இருவரின் நடவடிக்கைக்கும் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஒன்பதாம் மிதவைப் பொருள் காப்பாளர்

இணைப்பு:
1. முத்திரையிட்ட உண்மை நகல், பென்சில் குறிகளுடன் – பத்து பக்கம்.
2. திருத்திய பதிவு: வரிசை எண் 22. கைவிளக்கு, இரண்டு.