பங்கு என்று கூப்பிட்டவளுக்கு

என் அன்புப் பங்கே, கற்பகம்,

வகுப்பில் பேராசிரியர் "ஷேர்" என்கிறார். என் காதுக்குள் அது "பங்கு" என்று மாறி விழுகிறது. பிறகு உன் குரலில் விழுகிறது. ஒரே வகுப்பில் எத்தனை முறைதான் திரும்பிப் பார்ப்பது, சொல்.

நம் பக்கத்துப் பையன்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சொல் அது. பங்காளி என்பதில் பாதி. கல்லூரியில் சேர்ந்த புதிதில், பேருந்தில் வைத்து, நீதான் அதை அவர்களிடமிருந்து பிடுங்கினாய். "ஷேர் மார்க்கெட் படிக்கப் போறது நாம. பங்கு பங்குன்னு அவனுக கத்திக்கிட்டுத் திரியுறானுக. இனிமே நீயும் நானுந்தேன் பங்கு."

நான் திருப்பத்தூரில் ஏறுவேன். மானகிரி வரை பக்கத்து இருக்கையில் என் பை உட்கார்ந்து வரும். நீ ஏறியதும் கைபேசியைத் திறந்து கேட்பாய்: "இன்னிக்கு ஏறுமா, எறங்குமா?" படிக்கட்டில் நிற்கும் நடத்துநர் அலுத்துக்கொள்வார். "ஏறுறீகளா எறங்குறீகளா, ஒண்ணச் சொல்லுங்கம்மா. வண்டி கெளம்பணும்."

நாம் எந்தப் பங்கையும் வாங்கியதில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தோம். சந்தை போகும் பக்கத்தைத் தப்பாகச் சொன்னவள் வடை வாங்கித் தர வேண்டும். நீ அதிகம் தோற்றாய். அதிகம் சிரித்தவளும் நீதான்.

இப்போது மும்பைக்கு வெளியே, ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறேன். நாம் சேர்ந்து விண்ணப்பித்த அதே முதுகலைப் படிப்பு. நிதி, அதிலும் பங்குகள், கடன் பத்திரங்கள், சந்தைகள். முதல் வருடம் முடிந்துவிட்டது. ஆய்வகத்தில் நிஜச் சந்தையின் விலைகள் திரைகளில் ஓடும். பொய்ப் பணத்தில் வாங்கி விற்றுப் பழகுகிறோம். காலையில் சந்தை திறக்கும் அந்த நொடியில் அறையே பேச்சை நிறுத்திவிடும். எனக்கு மட்டும் மானகிரி நிறுத்தம் வரும்.

என் கைபேசியில் உன் எண் இன்னும் "பங்கு" என்ற பெயரில் மேலேயே இருக்கிறது. அறைத்தோழி அந்த எழுத்துகளைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். "ஷேர்" என்றேன். சிரித்தாள். நான் விளக்கவில்லை. எப்படி விளக்குவது?

ஒரு பாடம் உனக்குச் சொல்ல வேண்டும். நிறுவனம் லாபத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு தேதி குறிக்கும். பதிவு நாள். அன்றைக்கு யார் பெயர் பட்டியலில் இருக்கிறதோ அவருக்குத்தான் லாபத்தில் பங்கு. மறுநாள் வாங்கியவர் எவ்வளவு ஆசையோடு வாங்கியிருந்தாலும் கிடையாது. எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. எனக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வெறும் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வாசலில் உன் பெரியப்பா ஆட்களைப் பிரித்து நிறுத்தினார். "பங்காளிகள்லாம் இங்குட்டு வாங்க. மத்தவுக அங்குட்டு நில்லுங்க."

நான் அங்குட்டுப் போனேன். வேறெங்கே போவது?

பங்காளிகளுக்குத் தீட்டு உண்டு. அவர்கள் வீடுகளில் விசேஷம் நின்றது, கோயிலுக்குப் போவது நின்றது. எனக்கு எதுவும் நிற்கவில்லை. "ஒனக்கென்ன தீட்டா? போயி எழுதிட்டு வா" என்றார் அப்பா, கனிவாகத்தான். அந்த வாரமே மதுரையில் நுழைவுத்தேர்வு எழுதினேன். அடுத்தடுத்து விண்ணப்பித்ததால் நமக்கு அடுத்தடுத்த எண்கள். உன் நாற்காலி காலியாக இருந்தது. அதில் என் பையை வைக்கத் தோன்றியது. பைகளை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அழுவதற்கும் பட்டியல் உண்டா, கற்பகம்? இந்த ஒரு வருடமும் எனக்கு அது ஒன்றுதான் கேள்வி. உனக்காக எதையாவது நிறுத்த எனக்குப் பாத்தியதை உண்டா?

போன மாதம் உன் அம்மா கூப்பிட்டார். வருஷம் திரும்புகிறது, கல்யாணமாகாமல் போன உன்னைக் கன்னித் தெய்வமாக வைத்துப் படைக்கப் போகிறார்கள் என்றார். பிறகு, "வரும்போது ஒரு படி அரிசி கொண்டாந்துரு."

புரியாமல் சரி என்றேன். ரயிலில் வரும்போதுதான் உறைத்தது. கன்னிப் படைப்புக்குப் பங்காளி வீடுகள்தான் ஆளுக்கொரு படி அரிசி கொண்டுவருவார்கள். எல்லாம் ஒரே உலையில் விழ வேண்டும்.

உங்கள் பங்காளிகள் சேர்ந்து கும்பிடும் சாமி வீட்டில் பச்சைத் தாவணி மடித்து வைத்திருந்தது. கண்ணாடி வளையல், மல்லிகை, அதிரசம். ஒரு வடையும் இருந்தது. யார் சொல்லி வைத்தார்கள் என்று கேட்கவில்லை. முற்றத்தில் அடுப்பு. அரிசிப் பையோடு வரிசையில் நின்றேன். உன் பெரியப்பா பார்த்துவிட்டார்.

"இது திருப்பத்தூர்ப் புள்ளையில்ல? பங்காளிக மட்டுந்தேன் ஆத்தா ஒலையில போடணும்."

என் கால் தானாக அங்குட்டு நகர்ந்தது. உன் அம்மா அடுப்புப் பக்கத்திலிருந்து எழுந்தார். "மச்சான், எம் மக இவளப் பங்குன்னுதேன் கூப்புடுவா. அவ சேத்துக்கிட்ட ஆள நீங்க கழிக்கிறீகளா?"

"அட, அது வெளையாட்டுக்குக் கூப்புடுறது தாயி."

"இருந்திருந்தா இன்னும் வெளையாண்டுக்கிட்டுத்தேன் இருப்பா."

உலை கொதித்துக்கொண்டிருந்தது. உன் பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார், புகைக்குத் துடைப்பது போல. "சரி, போடச் சொல்லு" என்றார்.

"இங்குட்டு வா, பங்கு" என்றார் உன் அம்மா.

அந்தச் சொல்லால் உனக்குப் பிறகு முதல் முறையாக இன்னொரு வாய் என்னைக் கூப்பிட்டது. அரிசியைப் போட்டேன். கொஞ்சம் தணலில் சிந்திப் பொரிந்தது. பொங்கி இறக்கியபோது எது யார் வீட்டு அரிசி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இலையில் எனக்கும் ஒரு பிடி வைத்தார்கள். பங்காளிப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, சத்தமாக, அழுதேன்.

இன்னும் ஒரு வருடம் படிப்பு. அதன் பிறகு எந்த ஊரில், எந்தத் திரைக்கு முன்னால் உட்காருவேன் என்று தெரியாது. ஏறுமா இறங்குமா என்று யார் யாரோ கேட்பார்கள். பதில் சொல்லப் பழகிக்கொள்வேன். நீ கேட்பதைப் போல யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் வருஷம் திரும்பும்போது மானகிரியில் இறங்குவேன். கையில் ஒரு படி அரிசி இருக்கும். அதுவரை பேருந்தில் என் பை உன் இடத்தில் உட்கார்ந்து வரட்டும்.

உன் உலையில் அரிசி போட்ட,
உன் பங்காளி