டிக்கிக்குள் எரிந்த விளக்கு

சித்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கேசவனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் உன் நைனாவும் சுகமாக இருக்கிறோம். மெல்போர்னில் நீயும் மருமகள் கௌசிகாவும் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கவேண்டும் என்று காணிப்பாக்கத்துப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் நைனா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்வார். இது அவரைப் பற்றிய சேதி.

ரிடையரான கையோடு வாங்கினாரே அந்த 1967ஆம் வருஷத்து அம்பாசடர், அது போன மாதம் முழுக்கப் படுத்துக் கிடந்தது. இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி காலி. நீ அனுப்பிய மல்டிமீட்டரை டாக்டர் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு காலையில் பானட்டுக்குள் தலையை விட்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே எடுப்பார். முப்பத்திரண்டு வருஷம் எட்டாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் நடத்தியவர் அல்லவா, வயருக்கெல்லாம் பரீட்சை வைத்தார். கழற்றித் திரும்ப மாட்டியபோது இடது இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. அதை முன்னேற்றம் என்றார்.

கடைசியில் தெருமுனையில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற ஜெபகுமாரிடம் போனார். ஆரணியிலிருந்து வந்து கடை போட்டு நான்கு வருஷமாகிறதே, அவன்தான். "கரண்ட்டு எங்கியோ கசியுது சார், ஒரு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க, ஒவ்வொரு பியூஸா புடுங்கிப் பாத்துடறேன்" என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான். இவர், போன தடவை சார்ஜ் போடக் கொடுத்தபோது நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு செத்த பேட்டரியை வைத்துவிட்டாய் என்று, கடையில் ஆட்கள் நிற்கும்போதே வகுப்பில் கத்துவது போலக் கத்திவிட்டு வந்தார். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதுவே திருட்டுக்கு அத்தாட்சி என்று எனக்கு விளக்கினார்.

புது பேட்டரி வாங்கினார். அதுவும் மூன்றாம் நாள் செத்தது. இதை யார் திருடினார்கள் என்று கேட்டேன், மல்டிமீட்டரோடு மறுபடி பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். சார்ஜ் ஏற்றி வைத்த மறுநாள் காலை, டிக்கியில் இருந்த தேங்காய் மூட்டையை எடுக்கப் போனேன். உள்ளே இருந்த பல்பு கையில் பட்டுச் சுட்டது. திறந்தபோது மட்டும் எரியவேண்டிய விளக்கு அதற்குள் எப்படிச் சுடும்? போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். இருபது எண்ணித் திறந்து பார்த்தால், மூடின டிக்கிக்குள் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம்.

அந்த விளக்கைப் போட்டது யார் தெரியுமா? சாட்சாத் உன் நைனா. டிக்கிக்குப் பாலிஷ் போட்டதை வருகிறவர்களுக்குக் காட்டத் தீபாவளிக்கு மாட்டினார். ஸ்விட்ச் பொருந்தவில்லை என்று இரண்டு வயரையும் நேராக முறுக்கி டேப் சுற்றிவிட்டு மறந்துபோனார். வீடியோவைக் காட்டினேன். மூன்று தடவை பார்த்துவிட்டு, வீடியோ தெளிவாக இல்லை என்றார்.

ஜெபகுமாருக்குப் போன் செய்துவிடுகிறேன் என்றார். கத்தினது கடையில், மன்னிப்பு மட்டும் போனிலா என்று கேட்டு அழைத்துக்கொண்டு போனேன். தப்பு தன் பக்கம் என்றால் தெலுங்குக்குத் தாவிவிடுவாரே, "பொரபாட்டு ஜரிகிந்தி" என்று ஆரம்பித்தார். தப்பு நடந்துவிட்டதென்றால் தானாக நடந்ததா, ஆள் வைத்து நடந்ததா என்று நான் பின்னாலிருந்து கேட்டேன். அப்புறம்தான் தமிழில், "நான்தாம்பா தப்பா பேசிட்டேன்" என்றார். ஜெபகுமார் கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க சொன்னதக் கேட்டு மூணு பேர் வண்டிய எடுத்துக்கினு போயிட்டாங்க சார். அவங்ககிட்டயும் சொல்லுங்க" என்றான்.

இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார். மூன்றாவது ஆள் கங்காதர நெல்லூரில். இன்று காலை பஸ் ஏறிப் போயிருக்கிறார், காரில் போக வெட்கமாம்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். "பேட்டரிய மாத்தியிருப்பான் நைனா, இவனுங்களுக்கு இதான் தொழில்" என்று போன் ஸ்பீக்கரில் அவருக்கு முதலில் எடுத்துக் கொடுத்தது நீ. ஜெபகுமாரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை நீ. நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். கடையை ஒன்பது மணிக்குத் திறக்கிறான். தெலுங்கில் ஆரம்பிக்காதே.

நீயும் கௌசிகாவும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சுலோச்சனா

ஜெபகுமார்: 90000 00417