கடைசித் தீவுக்குக் கொஞ்சம் முன்னால்

தூத்தூர்,
ஜூன் 6.

அன்புத் தம்பி ஜெனோவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நாங்கள் நலம். நீயும் நலமாயிருக்க மாதா துணை. இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் உன் நவதுறவு மாஸ்டர் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். ஸ்தோத்திரம் ஃபாதர். கையெழுத்தை மன்னியுங்கள். பாதியைப் பஸ்ஸில் எழுதினேன்.

உன் கடிதம் நாகர்கோவில் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தது. துறவு மடத்தில் ஃபோன் இல்லாமல் ஒரு தம்பி இந்தக் காலத்தில் இருக்கிறான் என்பதை வார்டன் நம்பவேயில்லை. வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

நீ கேட்டிருப்பது ஒன்றே ஒன்று. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வார்த்தைப்பாடு கொடுத்துத் துறவியாவதா, அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவதா. மனம் அங்கே நிற்கவில்லை என்கிறாய். வீட்டில் கேட்டுப் பார் என்று மாஸ்டரே சொன்னாராம். வந்தால் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறாய். நியாயமான பயம். சாமியாருக்குப் படிக்கப் போய்த் திரும்பியவனுக்கு நம் ஊரில் அதன் பிறகு வேறு பெயர் கிடையாது. அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தாலும் அந்தப் பிள்ளைகள் 'திரும்பி வந்தவன்' பிள்ளைகள்தான். இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

"பாலிடெக்னிக்க முடிக்கல, கிட்டார முடிக்கல, அந்தப் பெட்டியில ஒரு கேமையாவது முடிச்சேனா அக்கா?" என்று எழுதியிருந்தாய்.

அந்த வரியில் மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் கேம் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கினேன். தூசி. ஒரு பல்லி முட்டை. டிவியில் மாட்டினேன். நீ விட்ட இடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

மக்கா, நீ இதையெல்லாம் எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

விவசாய கேமில் கதிர் முற்றி நிற்கிறது. அறுக்க வேண்டியதுதான் பாக்கி. டிராகன் கேமில் குகை வாசலில் நிற்கிறாய். உடம்பில் ஒரு கீறல் இல்லை, வாள் புதிது. ரயில் கொலைக் கேமில் தடயம் அத்தனையும் சேகரித்துவிட்டாய். கொலைகாரன் பெயரைச் சொன்னால் போதும். சொல்லவில்லை.

தோற்றவன் நிற்கிற இடம் இது இல்லை. சோம்பேறி இவ்வளவு தூரம் வரவே மாட்டான். ஏதோ கண்டுபிடித்துவிட்டேன், என்னவென்றுதான் தெரியவில்லை. ஆராய்ச்சி மாணவி என்று பெயர். ஒரு வருடமாக நூலகத்தில் கிடைக்காத பரபரப்பு ஒரு பல்லி முட்டைக்குப் பக்கத்தில் கிடைத்தது.

அப்பா கரையில்தான் இருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் ஜூலை முடியும் வரை. போட்டைப் பொழியில், ஆறு கடலில் சேருகிற இடத்தில், கட்டியாகிவிட்டது. உன் வார்த்தைப்பாட்டுக்கு ஊரிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும் என்று அம்மா ஆள் சேர்க்கிறாள். சன்னல் சீட் யாருக்கு என்பது வரை வந்தாயிற்று. அதனால் உன் கேள்வியை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்வேன். கொஞ்சம் பொறு.

அன்புடன்,
அக்கா ஷிஜி.


தூத்தூர்,
ஜூன் 21.

அன்புள்ள ஜெனோ,

இயேசுவுக்கே புகழ். மாதத்துக்கு ஒரு கடிதம்தான் உனக்கு அனுமதி என்று தெரியும். பதிலுக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

அப்பா கேம் விளையாடுகிறார்!

நடந்தது இது. விடாத மழை. கடல் ரோடு வரை ஏறிவிட்டது. வலை பின்னுகிற கூடத்திலும் தண்ணீர். எங்கேயும் போக முடியாமல் அப்பா வீட்டில் கிடந்தார். நான் உன் கப்பல் கேமைத் திறந்தேன். தனியாக ஒரு சின்ன போட், தீவு தீவாகச் சாமான் இறக்கிக்கொண்டு போய், கடைசித் தீவில் கலங்கரை விளக்கை ஏற்ற வேண்டுமே, அது. நீ அந்தத் தீவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தியிருந்தாய். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. நேராகப் போனால் முடிந்தது.

கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, இவன் தீவுக்குப் போகல்ல. போட்டுக்க அணியம் எங்க நோக்கிட்டு இருக்குன்னு பாரு. இவன் திரும்பியாக்கும் நிக்கான்."

பார்த்தேன். போட்டின் முன்பக்கம் வெளிக்கடலைப் பார்த்து நின்றது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஏன் திரும்பினாய் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கேமுக்குள் அந்தப் போட்டின் வயர்லெஸ் கரகரத்தது. ஒரு குரல். பாதி வார்த்தை. மறுபடி கரகரப்பு. யாரோ கூப்பிடுகிறார்கள்.

அப்பா கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். அவர் முகம் எப்படி மாறியது என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. போட்டில் வயர்லெஸ் கேட்கும்போது இப்படித்தான் இருப்பார் போல. நாம் பார்த்ததே இல்லையே.

நெட்டில் தேடினேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள். அது சும்மா பின்னணிச் சத்தம். அங்கே யாரும் கிடையாது. கண்டுகொள்ளாதே, தீவுக்குப் போ, விளக்கை ஏற்று, முடித்துவிடு. இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கூப்பிடுதான்லா?" என்றார்.

"அது ஆள் இல்லப்பா, ரெக்கார்டு."

"கூப்பிடுதான்லாட்டி? பின்னே தேடாம எப்பிடிப் போவ?"

கடலில் ஒரு போட்டைக் காணோம் என்றால் மற்ற போட்டுகள் தூண்டிலைச் சுருட்டிவிட்டு வரிசையாகப் பிரிந்து தேடும். மீன் அப்புறம். அதுதான் முறை. அப்பாவுக்கு டிவிக்குள்ளேயும் அதுதான் முறை. கன்ட்ரோலரை என் கையிலிருந்து வாங்கினார். அதைச் சுக்கான் என்கிறார். முதலில் பாறையில் இடித்தார். அப்புறம் பிடிபட்டுவிட்டது.

நம்மிடம் ஒரே போட். அதனால் ஒரே போட்டை நாலு போட்டாக ஓட்டினோம். மேற்கே போய் வந்து, தெற்கே போய் வந்து. நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும் என்று அப்பா கணக்குப் போட்டார். இவ்வளவு நேரத்தில் இஞ்சின் நின்ற போட் இவ்வளவு தூரம் ஒதுங்கியிருக்கும் என்றார். சுத்தமான கணக்கு. ஒரே ஒரு குறை. அந்தக் கேமில் கடல் ஓடுவதே இல்லை. ஒரு பீப்பாயைப் போட்டுப் பார்த்தோம். போட்ட இடத்திலேயே நின்றது. "சவம், இது கடலா கொளமா?" என்று அப்பா டிவியைத் திட்டினார்.

டீசல் தீர்ந்தது. திரை கறுத்தது. பழைய துறைமுகத்திலிருந்து மறுபடி.

இப்போது தினமும் சாயங்காலம் இதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு இறங்கக் கூடாதே! போன ஞாயிறு பூசை முடிந்து வந்து டிவியைப் போட்டார். போட்டை நங்கூரத்தில் நிறுத்திவிட்டு அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு போட்டில் போகிற ஜான்ரோஸ் அண்ணனும் இப்போது வருகிறார். வயர்லெஸ்காரன் பேசுவது தமிழ்தான் என்று சத்தியம் செய்கிறார். "பெட்டிய ரெண்டு மாசத்துக்கு எடுத்து ஒளிச்சு வைக்கணும். குடும்பமே கெட்டுப்போச்சு" என்று அம்மா கத்துகிறாள். கத்திக்கொண்டே கட்டன்சாயா போட்டுத் தருகிறாள்.

உன் கேள்வியை இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வாய் வரை வருகிறது.

நீயும் அந்தக் குரலைக் கேட்டாய், இல்லையா? கேட்டுத் திரும்பினாய். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நிறுத்திவிட்டாய். தீவுக்கும் போகவில்லை. தேடவும் போகவில்லை. நான் நினைப்பது சரியா?

அன்புடன்,
ஷிஜி.


தூத்தூர்,
ஜூலை 3.

அன்புள்ள ஜெனோ,

இயேசுவுக்கே புகழ். சொல்லிவிட்டேன். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று வியாழக்கிழமை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. வீடு நிறைய ஆள். மறுபடி அதே இடம் வரை வந்தோம். கோபுரம் தெரிகிறது. வயர்லெஸ் கரகரக்கிறது. அப்பா போட்டைத் திருப்பினார். சன்னல் பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஜான்ரோஸ் அண்ணன் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, "எடதுபக்கம் ஒரு கறுப்பு தெரியுது அண்ணே! விடாதயும்!" என்று அலறினார். எல்லோரும் எழுந்துவிட்டோம். நானும் கத்தினேன். அப்பா முழு வேகத்தில் விட்டார்.

கிட்டே போனால் பாறை.

டீசல் முள் கீழே இறங்கிவிட்டது. ஜான்ரோஸ் அண்ணனுக்கு அழுகை வராத குறை. "அல்போன்ஸ் அண்ணே, அங்க ஆளு இல்ல. நம்மள வச்சு வெளயாடுதானுவ. ஒரே ஒரு தடவ அந்தத் தீவுக்குப் போய் வெளக்கக் கொளுத்தும். முடிஞ்சா முடிஞ்சு போட்டு."

"நீ முடிச்சிட்டு என்னத்தக் கிழிக்கப் போற?" என்றார் அப்பா. "கூப்பிட்டவன் அங்கயே கெடப்பான்."

ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கவில்லை. அந்த வேகத்தில் என் வாய் திறந்துவிட்டது. அப்பா, ஜெனோ எழுதியிருக்கான். வார்த்தைப்பாடு கொடுக்கவா, வீட்டுக்கு வரவான்னு கேட்டிருக்கான். வந்தா உங்க முகத்த எப்படிப் பாக்கன்னு கேட்டிருக்கான்.

ஊர் முழுக்க இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாது. தெரியும். சொல்லியாயிற்று.

சன்னலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தார். சுக்கானைக் கீழே வைக்கவில்லை.

"எப்ப எழுதினான்?" என்றார்.

"மே கடைசி."

என் பக்கம் திரும்பினார். என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஒரு மாசமா? ஒரு மாசமா அவன் ஒரு வாக்கு கேக்காம அங்க இருக்கானா? நீ என்ன பெண்ணுட்டி?"

ஜெனோ, அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அழுதேன். திட்டு வாங்கியதற்காக இல்லை. நீ வரலாமா கூடாதா என்று அவர் யோசிக்கவே இல்லை. உனக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்பது மட்டும்தான் அவருக்குக் கோபம். அழுதுகொண்டே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து ஓட வேண்டும் போல, யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

அம்மாவைப் பற்றிப் பூசி மெழுக மாட்டேன். அவளுக்கு வலிக்கிறது. ராத்திரி சாப்பிடவில்லை. உனக்காக எடுத்து வைத்திருந்த வெள்ளை அங்கித் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தாள். இன்று காலை குடை கூட எடுக்காமல் பஸ்காரர் வீட்டுக்குப் போனாள். நனைந்துகொண்டு வந்து, "பஸ்ஸ இப்ப உறுதியாக்காண்டாம், பிள்ளை பதில் எழுதட்டும்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். அவ்வளவுதான். அவள் தலையை நான்தான் துவட்டிவிட்டேன்.

இனி முக்கியமான விஷயம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தடை முடிகிறது. ஒரு மாதம் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற முதல் தங்கல். வருடத்தின் நல்ல மீன் அதில்தான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். அப்பா இந்தத் தங்கலுக்குப் போகவில்லை. போட்டை ஓட்ட ஜான்ரோஸ் அண்ணனிடம் கொடுத்துவிட்டார். ஜான்ரோஸ் அண்ணன் வாசலில் நின்று, "ஆடிக்கடல விட்டுட்டுக் கரையில இருக்க உமக்கு என்ன பேறுகாலமா?" என்று கத்தினார். அப்பா அசையவில்லை. போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும், பதினைந்தாம் தேதி கரையில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அப்பா சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதுகிறேன். "வார்த்தைப்பாடு உண்டுன்னா நான் பஸ்ஸுல வாறேன். இல்லன்னா குழித்துறை ஸ்டேஷன்ல நிப்பேன். ரெண்டுக்கும் ஒரே சட்டைதான் தேய்ச்சு வச்சிருக்கேன்."

அவர் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பேசுவார்கள். பேசட்டும். நான் இங்கேதான் இருக்கிறேன்.

எதைச் செய்தாலும் முழு மனதோடு செய். உன் அக்கா கேட்பது இது மட்டும்தான். அங்கே இருந்தால் பயத்துக்காக இருக்காதே. வந்தால் தலையைக் குனிந்துகொண்டு வராதே. இரண்டும் வேண்டாம் என்று நடுவில் மட்டும் நிற்காதே மக்கா. தயவுசெய்து.

அம்மா கடிதத்தைப் படிக்கவில்லை. படித்துக் காட்டவா என்றேன், வேண்டாம் என்றாள். முகவரி எழுதி வைத்திருந்த உறையை மட்டும் கையில் வாங்கினாள். நாம் வெளியூர் கிளம்பும்போது நெற்றியில் போடுவாளே, அதேபோல் பெருவிரலால் உறையின் மேல் ஒரு சிலுவை போட்டாள். மீன் பொரித்துக்கொண்டிருந்த கை. உன் பெயருக்கு மேலே எண்ணெய்க் கறை இருக்கும். துடைத்துவிடாதே.

உன் அன்பு அக்கா,
ஷிஜி.