சேதமில்லை என்ற ஒரு வரி

காரிமங்கலம்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் மாதேஷுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் பூவிழியும் நானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும், ஆனால் நேற்று போனில் இருமினாய், அதனால் நலம் என்று நீ சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். மிளகு ரசம் அங்கே யார் வைத்துத் தரப்போகிறார்கள், வெந்நீராவது குடி. பூவிழிக்கு தருமபுரியில் நர்சிங் இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. தக்காளி இந்த முறை நன்றாகப் பிடித்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை பாலக்கோடு மார்க்கெட்டுக்கு நானும் அப்பாவும் போனோம். ஏலம் கூவுவது அவருக்குக் கேட்காது, நான் அவர் தோளைத் தட்டித்தான் விலை சொல்வேன். அதைப் பார்த்துச் சிரிக்க அங்கே இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதும் அவருக்குக் கேட்காது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

போனில் என்னைப் பேசவிடாமல் நீ குறுக்கே குறுக்கே பேசியதால்தான் இந்தக் கடிதம். உங்கள் ரெஜிமென்டின் பொன்விழாவுக்காக எழுதியிருக்கும் வரலாற்றிலிருந்து நீ அனுப்பிய பக்கங்களை மூன்று தடவை படித்தேன். குறை சொல்வதற்காகப் படிக்கவில்லை. எழுதியவர் நல்ல எழுத்துக்காரர். கார்கில் மலைப்பாதையில் வண்டி திரும்ப முடியாத வளைவுகளில் பீரங்கியைக் கயிறு கட்டி ஆட்களே இழுத்தது, பனியில் உறைந்த இரும்பில் கை ஒட்டிக்கொண்டது, இதையெல்லாம் படிக்கும்போது நம் வீட்டு வெயிலிலேயே எனக்குக் குளிரடித்தது. உன் அப்பா இத்தனை வருடத்தில் வாயைத் திறந்து சொல்லாததை ஒரு புத்தகம் சொன்னது. அதற்காக அந்த மனிதருக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனால் கடைசிப் பக்கத்தில், அப்பா இருந்த பீரங்கிப் பிரிவான பேட்டரியைப் பற்றி, அத்தனை வாரமும் இரவு பகலாகச் சுட்டும் ஒருவருக்கும் சேதமில்லை என்று எழுதியிருக்கிறாரே, அந்த வரியை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை.

பீரங்கி வெடிக்கும்போது மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். குண்டு ஏற்றுகிறவன் என்ன செய்வான்? அவசரமாகச் சுடும்போது ஒரு குண்டு வெடிக்கையிலேயே அடுத்ததை இரண்டு கையிலும் ஏந்தி நிற்க வேண்டும். அவர் செய்த வேலை அதுதான். காதில் பஞ்சு வைத்தாராம், அதிர்ச்சி காதைக் கிழிக்காமலிருக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டாராம். திரும்பி வந்த பிறகு வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் பாதிதான் மிச்சம், டாக்டரிடம் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லாமலே, சுடச் சொல்லிக் கமாண்டரின் கை இறங்குவதைப் பார்த்தே இன்னும் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தார். தீபாவளிக்கு நம் வீட்டில் மட்டும் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு வெடி வைப்போம், தெருவே சிரிக்கும், நினைவிருக்கிறதா? பயிற்சியில் முதல் நாள் நீயும் அப்படி நின்றதைப் பார்த்து, இவன் பீரங்கிக்காரன் பெற்ற பிள்ளை என்று பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் முதுகில் தட்டினார் என்று பெருமையாகச் சொன்னாயே, அந்தப் பீரங்கிக்காரன் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று காட்டு.

அந்த இங்கிலீஷ் வரியைத் தமிழில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அவருடைய குரலில், "அப்ப நானு யாரு?" என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டார். மறுநாள் காலையில் உங்கள் கர்னலுக்கு நான் கடிதம் போட்டேன். பென்ஷன் கேட்கவில்லை, பதக்கம் கேட்கவில்லை, ஒரு வரியைத் திருத்தச் சொன்னேன். பதில் வருவதற்குள் பாலக்கோட்டிலிருந்து குப்புராஜ் அண்ணன் வந்துவிட்டார், அதே பேட்டரியில் ஹவில்தாராக இருந்தவர், அவருக்கு யார் சொன்னது என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. "இந்தாம்மா அன்பரசி, பட்டாளத்துல காது போனவனையெல்லாம் எழுதணும்னா புஸ்தகம் பத்தாது" என்றார். "பத்தலன்னா இன்னும் நாலு தாளு சேத்துக்கச் சொல்லுங்கண்ணா" என்றேன். அவர் தலையைச் சாய்த்து, "என்னம்மா சொன்ன?" என்றார். இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன். காப்பியைக் குடித்துவிட்டு, "கெளம்பறனுங்க" என்று மரியாதையாகப் போனார்.

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்கிறாய். புதிதாக வந்தவன், மேஜர் ஒரு மாதிரி பார்க்கிறார், பேர் கெட்டுவிடும் என்கிறாய். உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுபோகிறவள் நான் இல்லை, உனக்கே தெரியும், பக்கத்து வீட்டுக்குக்கூட நான் அதிகம் போனதில்லை. ஆனால் திரும்ப வாங்க மாட்டேன். நாளைக்கு நீயும் குண்டு ஏந்தி நிற்கும்போது உன்னையும் சேதமில்லை என்று எழுதுவார்கள். அப்போது நான் இருந்து கடிதம் போட முடியுமோ என்னவோ, இப்போதே போட்டுவிட்டேன்.

விழாவுக்கு வருகிறோம். பொம்மிடியில் ரயில் ஏறுகிறோம், அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாயிற்று. புத்தகத்தை வெளியிட்டு அந்தப் பகுதியை மேடையில் வாசிப்பார்கள் என்றாய். அவர் வழக்கம்போல, "என்னா சொல்றாங்க?" என்று என்னைக் கேட்பார். நான் அவருடைய இடது காதில் உரக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும். திருத்தியிருந்தால் திருத்தியதைச் சொல்வேன். திருத்தாவிட்டால் இருப்பதை அப்படியே சொல்வேன். அதற்கு அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியாது, மெதுவாகச் சொல்ல மாட்டார் என்பது மட்டும் தெரியும். அப்போது நீ எங்கே நிற்பது என்பதை நீயே முடிவு செய்துகொள்.

சென்றாயப் பெருமாள் உன்னைக் காப்பார். எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. பட்டாளத்தில் கொடுத்திருக்கும் காதடைப்பானைப் பையில் வைத்துக்கொண்டு திரியாதே, காதில் போடு.

உன் அம்மா,
செ. அன்பரசி