தூங்க இடமில்லாத கணினி

மார்ச் 4, செவ்வாய்

காபி கொதிக்கும்போதே மின்சாரம் போனது. எங்கள் தீவின் சாந்தா கிளாராவில் இதெல்லாம் ஒரு செய்தியா? மகள் மைடெலின் ஓடிப்போய்க் கணினியை ஹைபர்நேட்டில் போட்டாள். பேட்டரிப் பெட்டி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குள் திறந்திருக்கும் வேலையோடு அது தூங்கிவிட வேண்டும். மின்சாரம் வந்து எழுப்பினால், அப்போதுதான் பிறந்தது போல் விழிக்கிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அவள் வரைந்துகொண்டிருந்த வீட்டுப்படத்தில், மதியத்து வேலை முழுக்கப் போயிற்று.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்வதை அவளுடைய பழைய ஃபோன் எழுதிக்கொள்கிறது.

மார்ச் 6

மறுபடியும். பக்கத்து வீட்டு எவெலியோ வந்து கணினிப் பெட்டியைத் திறந்தான். போன மாதம் அவனே கூடுதலாக மாட்டிய ராம் என்ற நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களை அழிரப்பரால் தேய்த்தான்.

"பல்லு விளக்கியாச்சு பெரியவரே. இனி சமர்த்தா தூங்கும்."

தூங்கவில்லை.

மார்ச் 7

மின்சாரம் இல்லை. அவரைக்கொட்டை வேகவில்லை.

மார்ச் 9

"இன்னொரு தடவை தாமதமானா வேற ஆளைப் பார்த்துக்கறேங்கறார்ப்பா அந்த வெளிநாட்டுக்காரர்." தட்டைக் கழுவிக்கொண்டே மைடெலின் சொன்னாள். "அப்புறம் கடல் தாண்டி மான்டெவிடியோல யானெலிஸ் வீட்டுக்குத்தான் போகணும்."

யானெலிஸ் என் தம்பி மகள். இந்தத் தெருவிலிருந்து போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. நான் என்ன சொல்ல— போகாதே என்றா? எந்த வாயால் சொல்வது?

மார்ச் 11

எவெலியோ கண்டுபிடித்துவிட்டான். தூங்குமுன் கணினி தன் தலையில் இருப்பதையெல்லாம் ஹார்டு டிஸ்க்கில் இறக்கிவைக்குமாம். ராம் கூடினால் அதற்கு இடமும் கூட வேண்டும். இடம் இல்லை.

"யாரு அடைச்சா?" என்றேன்.

"உங்க துருக்கிக்காரிங்கதான்."

வாராவாரம் அவன் கொண்டுவந்து ஏற்றும் துருக்கி டிவி தொடர்கள். பார்த்து முடித்ததைக்கூட அழிக்க விடமாட்டேன். மைடெலின் என் பக்கம் திரும்பவில்லை. "வேற வழி இருக்கா?" என்று அவனைத்தான் கேட்டாள். அதுதான் குத்தியது.

"எல்லாத்தையும் அழிடா," என்றேன்.

"கடைசித் தொடர் இன்னும் முடியலியேப்பா," என்றாள்.

"அந்த மாமியார்க்காரி திருந்தப்போறதில்ல. பார்த்துத்தான் தெரியணுமா?"

மார்ச் 14

மதியம் போன மின்சாரம் சாயங்காலம் வந்தது. அவள் எழுப்பினாள், நான் கதவோரம் நின்றேன். பாதி வரைந்த மாடிப்படி விட்ட இடத்திலேயே நின்றது. நாற்காலியை இழுத்துப்போட்டு வரையத் தொடங்கினாள்.

மாலைப் பொழுதுதான் போகமாட்டேன் என்கிறது.

மார்ச் 16

வீட்டுப்படம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. வரைய இன்னொரு வீட்டுக்கும் அளவுகள் வந்துவிட்டனவாம்.

யானெலிஸ் ஃபோனில் அழைத்தாள். அறைக்குள்ளிருந்து மைடெலின் குரல் கேட்டது: "இப்போ வரலைடி."

இப்போ— என்றுதான் சொன்னாள். காதில் விழுந்தது. சரி. எழுந்துபோய் இரண்டு பேருக்கும் அரிசி அளந்து போட்டேன்.