ஏழாவது டேப்

அண்ணை, இன்று மத்தியானம் மகள் தான் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய வீடியோவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றாள். டிவிடி கீறல் விழுந்து ஓடவில்லை. மூல டேப் அலுமாரிக்கு மேலே, பழைய கேமராப் பைக்குள் கிடந்தது. அதை அங்கே போட்டவன் நான்தான். மூன்று வருடமாக அந்தப் பக்கம் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. கேமராவை டிவியில் கொழுவிக் கொடுத்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனேன். கோயில் மணி கேட்டது. பாட்டுக் கேட்டது. கேக் வெட்டியபோது எல்லாரும் கை தட்டியதும் கேட்டது. பிறகு மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, முடிஞ்சாப் பிறகும் என்னவோ ஓடுது. இது ஆற்றை குசினி?"

யாருடைய குசினி என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. நீங்கள் செத்துப்போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

உங்களை முதலில் கண்டது இங்கே ஜெர்மனியில், ஹம் நகரத்து நூலக மண்டபத்தில். கேரளத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்த உங்கள் இரண்டாவது படத்தைத் திரையிட்டார்கள். பத்தொன்பது பேர் இருந்தோம். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். என் மனைவிக்குப் பிரசவம் பார்த்த மலையாள நர்ஸ் அன்னம்மா அக்கா என்னை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். படம் முடிந்ததும் நீங்கள் முதலில் கேட்ட கேள்வி, இந்த ஊரில் கேமரா வைத்திருப்பவர் யார் என்பதுதான். அக்கா என்னைக் காட்டினார். கேபிள் தொழிற்சாலையில் ஷிப்ட், சனி ஞாயிறில் கல்யாணவீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு வீடியோ எடுப்பது. இதுதான் நான். நீங்கள் என் கையைப் பிடித்து, "அப்போ நம்ம ஒரே தொழில், மோனே" என்றீர்கள். கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராகக் கிடந்து படித்த தமிழ். மகனே என்பது எங்கள் ஊரில் மோனை, உங்கள் வாயில் மோனே.

என்ன ஒரே தொழில்! உங்கள் முதல் படம் விருது வாங்கியது, தியேட்டரில் நாலு நாள் ஓடியது. இரண்டாவதற்குத் தியேட்டரே கிடைக்கவில்லை. மிச்சக் காலமெல்லாம் தொலைக்காட்சி சீரியல். "மருமக அழறதை மூணு பக்கத்துலேருந்து எடுத்தே என் பொண்ணைப் படிக்க வெச்சேன்" என்று சிரிப்பீர்கள். அறுபதுகளில் பதினெட்டு வயதில் இங்கே நர்ஸ் வேலைக்கு வந்து இறங்கிய மலையாளப் பெண்களைப் பற்றி ஒரு படம், அன்னம்மா அக்காவை நடுவில் வைத்து. அதற்காகத்தான் மூன்று மாத விசாவை முழுக்கப் பயன்படுத்தி எங்கள் சோபாவில் படுத்தீர்கள். "இது முடிஞ்சா நான் திரும்ப டைரக்டர். முடியலைன்னா சீரியல்காரனாவே செத்துடுவேன்" என்றீர்கள். அதைப் பகிடி என்று நினைத்தேன்.

ஆறு டேப் எடுத்தோம். அக்கா நல்ல பிள்ளையாகப் பேசினார். குளிர், முதல் சம்பளம், ரொட்டி. உள்ளே இருந்தது வரவில்லை. நான் நின்றால் வராது என்று நீங்கள் கண்டுபிடித்தீர்கள். "இவன் போய்ப் பொஞ்சாதிட்டச் சொல்லுவான்" என்று அவரும் சொன்னார். ஆகவே கடைசிப் படப்பிடிப்புக்கு நீங்கள் தனியே அவர் வீட்டுக்குப் போனீர்கள். பிலிமில் எத்தனையோ ஆயிரம் அடி எடுத்த மனிதருக்கு நான் பட்டன் காட்டிக் கொடுத்தேன்.

"இந்தப் பட்டனை அமத்துங்கோ அண்ணை. முன்னுக்கு இந்தச் சிவப்பு லைட் எரிஞ்சா ஓடுது எண்டு அர்த்தம். வேற ஒண்டும் யோசிக்காதேங்கோ."

அன்று சனி, எனக்கு மேலதிக ஷிப்ட்; பின்னேரம் அது முடிந்து காரில் ஏற்ற வந்தேன். பஸ் தரிப்பிடத்தில் கேமராவை மார்போடு அணைத்தபடி நின்றீர்கள். வழி முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தீர்கள். வீட்டு வாசலில்தான், "சேச்சி எல்லாம் சொல்லிட்டாங்க. இதுதான் படம், மோனே" என்றீர்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். படத்தில் பார் என்றீர்கள். "டேப்பை நீயே எடுத்து வை. நான் எடுத்தா ஏதாவது கெடுத்துடுவேன்."

"ஓம் அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

நான் எடுக்கவில்லை. அடுத்த நாள் ஞாயிறு, மகளின் முதல் நன்மை. வெள்ளைச் சட்டை, மாலை, பிந்திவிட்டோம் என்று மனைவியின் சத்தம். கேமராவைத் தூக்கினேன், உள்ளே டேப் இருந்தது, ஏதோ பழைய கல்யாணவீட்டு டேப் என்ற நினைப்பில் தொடக்கத்துக்குச் சுற்றினேன். பிலிம்காரரான உங்களுக்கு எடுத்தது எடுத்ததுதான். எங்கள் தொழிலில் அப்படியில்லை. வீட்டுக்காரருக்கு டிவிடி கொடுத்ததும் டேப்பைச் சுற்றி அடுத்த கல்யாணவீட்டுக்குப் போடுவோம். டேப்பின் முதுகில் அழியாமல் பூட்டுகிற சின்னப் பொத்தான் ஒன்று உண்டு. பத்து வருடத்தில் நான் அதை ஒருமுறைகூடத் தள்ளியதில்லை.

பின்னேரம் ஏழாவது டேப்பின் பெட்டி வெறுமையாக இருந்ததைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டேப்பில் மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. நீங்கள் பக்கத்து அறையில் என் மகளுக்கு மலையாளத்தில் ஒன்று, இரண்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் புது டேப் ஒன்றைப் பிரித்து அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். அழித்தது தவறுதலாக நடந்தது. இதை நான் தெரிந்துதான் செய்தேன்.

ஊருக்குப் போய் இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தீர்கள்.

"மோனே, ஏழுல ஒண்ணுமே இல்லை. வெறும் நீலம். நான் பட்டன் அமுக்கலையோ?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, வந்தது இதுதான்: "அப்பிடித்தான் இருக்கும் அண்ணை. புதுக் கேமராவில எல்லாருக்கும் நடக்கிறது."

நீங்கள் ஒரு வார்த்தை ஏசவில்லை. மறுபடி வந்து எடுக்க விசாவுக்கு விண்ணப்பித்தீர்கள், மறுத்தார்கள். அந்தப் பனிக்காலம் அன்னம்மா அக்கா இறந்துபோனார். இனி எடுக்க ஆளில்லை. நீங்கள் சீரியலுக்குத் திரும்பினீர்கள். கிறிஸ்மஸுக்குத் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "பட்டன் அமுக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு மோனே படம்?" என்று சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

உங்கள் மனைவிதான் தொலைபேசியில் செய்தி சொன்னார். "ஆஸ்பத்திரிலயும் அந்த ஜெர்மனி டேப்தான். 'நான் அமுக்கலைடீ, நான் அமுக்கலை'ன்னு" என்றார். நான் அனுதாபம் சொல்லி வைத்துவிட்டேன்.

இன்று மகளை அறைக்கு அனுப்பிவிட்டுக் கடைசி நாலு நிமிடத்தைப் பார்த்தேன். அன்னம்மா அக்கா மேசையில் மரவள்ளிக்கிழங்கை வெட்டி வைத்துவிட்டு அசையாமல் இருக்கிறார். முகம் நனைந்திருக்கிறது. என்ன சொன்னார் என்பது என் பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்கும் கேக்குக்கும் அடியில் போய்விட்டது. அதை இனி உலகத்தில் ஒருவராலும் அறிய முடியாது. "மதி சேச்சி" என்கிறது உங்கள் குரல், போதும் அக்கா என்று. பிறகு நீங்களே கேமராவுக்கு முன்னால் வருகிறீர்கள். குனிந்து, கண்ணைச் சுருக்கி, நான் காட்டிக் கொடுத்த அந்த விளக்கைப் பார்க்கிறீர்கள். அது எரிகிறது, உங்கள் கண்ணாடியில் சிவப்பாகத் தெரிகிறது. பெரிய வேலை ஒன்றை முடித்தவர் போல அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

அமத்தினீங்கள் அண்ணை. நீங்கள் சரியாத்தான் அமத்தினீங்கள்.